சிங்கப்பூர் காரை மும்பைக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: ஐயா, நான் பிறந்து வளர்ந்தது மும்பை சயான் கோலிவாடாவில். ஒன்பது ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வேலை. வரும் ஜூன் மாதம் மனைவி, குழந்தைகளுடன் நிரந்தரமாக மும்பைக்கே திரும்புகிறோம். இங்கே 2024 கடைசியில் புதிதாக ஒரு டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் வாங்கினேன். 1.6 லிட்டர் பெட்ரோல் வண்டி. அப்பா நாற்பது ஆண்டுகள் டாக்சி மெக்கானிக்காக இருந்தவர். பத்மினி வண்டிகளுக்கு அடியில் படுத்தே காலத்தைக் கழித்தவர். சொந்தமாக ஒரு கார் வாங்கியதில்லை. போன வருடம் இங்கே வந்தபோது பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். ஊருக்குக் கிளம்பும்போது, "வரும்போது இதையும் கொண்டு வந்துடுடா" என்றார். 2025 பட்ஜெட்டில் பழைய கார் மீதான வரி 125 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாகக் குறைந்தது என்று படித்தேன். வீட்டுச் சாமான்களோடு அதே கண்டெய்னரில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்கிறார் பேக்கர்ஸ் ஆள். கொண்டுவரலாமா? என்ன செலவாகும்?

— சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்க்கலாம். சட்டப்படி உங்கள் வண்டியைக் கொண்டுவர வழி இருக்கிறது. ஆனாலும் கொண்டுவராதீர்கள். மும்பை பல்லார்ட் எஸ்டேட்டில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கிளியரிங் ஏஜென்ட்டாக, அதாவது சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தருகிறவனாக இருக்கிறேன். இப்படி ஆசையோடு வண்டியை அனுப்பிவிட்டு, கஸ்டம்ஸ் ஹவுஸ் படிக்கட்டில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அனுப்புவதற்கு முன்னால் கேட்டிருக்கிறீர்கள். அதற்காகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 70 சதவீதச் செய்தி. அந்தப் பட்ஜெட் வந்த வாரத்தில் எனக்கும் நிறைய பேர் இதைக் கேட்டுப் போன் செய்தார்கள். செய்தி உண்மைதான், ஆனால் பாதிதான். 2025 பிப்ரவரிக்கு முன் பழைய காருக்கு அடிப்படைச் சுங்க வரி 125 சதவீதம். அந்த வரியின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, அதாவது 12.5. மொத்தம் 137.5. பட்ஜெட்டில் அடிப்படை வரியை 70 ஆக்கினார்கள், கூடுதல் வரியை எடுத்தார்கள். அதே கையோடு வேளாண் உள்கட்டமைப்பு செஸ் என்று 67.5 சதவீதத்தைச் சேர்த்தார்கள். எழுபதையும் அறுபத்தேழரையையும் கூட்டிப் பாருங்கள். அதே 137.5 தான் வரும். தலைப்பு மாறியது, நீங்கள் கட்ட வேண்டிய தொகை ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

இதோடு முடியவில்லை. வண்டியின் மதிப்பு, அதன் மேல் போட்ட சுங்க வரி, செஸ் எல்லாவற்றையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேல் ஜிஎஸ்டி விழும். 2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கு ஜிஎஸ்டி மாறிவிட்டது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் காருக்கு 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். முன்பு கார்களுக்கு ஜிஎஸ்டியோடு கூடுதலாக இருந்த காம்பென்சேஷன் செஸ் இப்போது இல்லை. உங்கள் ஆல்டிஸ் நீளத்திலும் தாண்டுகிறது, இன்ஜினிலும் தாண்டுகிறது. ஆக 40.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து உங்கள் வண்டியை 15 லட்சம் ரூபாய் என்று சுங்கத்துறை மதிப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். அடிப்படை வரி 10,50,000. வேளாண் செஸ் 10,12,500. இப்போது வண்டி 35,62,500 ரூபாயில் நிற்கிறது. இதில் 40 சதவீதம், அதாவது 14,25,000 ஜிஎஸ்டி. கூட்டினால் 49,87,500. பதினைந்து லட்ச ரூபாய் வண்டி துறைமுக கேட்டைத் தாண்டும்போது ஐம்பது லட்சம். அதில் முப்பத்தைந்து லட்சம் வரி மட்டும்.

அப்புறம் ஆர்டிஓ. வண்டியை அங்கே பதிவு செய்து சாலை வரி கட்ட வேண்டும். மகாராஷ்டிராவில் சாதாரண பெட்ரோல் காருக்கு ஒருமுறை சாலை வரி விலையைப் பொறுத்து 11 முதல் 13 சதவீதம். இறக்குமதி வண்டிக்கு 20 சதவீதம். ஐம்பது லட்சத்துக்கு இருபது சதவீதம் என்றால் இன்னொரு பத்து லட்சம். அறுபது லட்ச ரூபாய்க்கு உங்கள் அப்பா ஒரு ஆல்டிஸில் உட்காரப் போகிறார். அவருக்கு இந்தக் கணக்கு தெரிந்தால் உட்காருவாரா என்று யோசியுங்கள்.

"நான் சிங்கப்பூரில் கொடுத்த விலை இதைவிடப் பல மடங்கு, அதற்கே வரி போட்டுவிட்டால்?" என்று சிலர் பயப்படுவார்கள். அங்கே நீங்கள் கொடுத்ததில் பெரும்பகுதி சிஓஇ என்கிற பத்து ஆண்டு உரிமைச் சீட்டுக்கும், பதிவுக் கட்டணங்களுக்கும் போனது. வண்டிக்கான விலை அதில் ஒரு பங்குதான். இங்கே சுங்க அதிகாரி பார்ப்பது, அந்த ஆண்டு அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் வைத்த விலையை. அதிலிருந்து காலாண்டுக் கணக்கில் தேய்மானத்தைக் கழிப்பார்கள். அதனால் இன்னொரு பக்கமும் கவனிக்க வேண்டும். நண்பரிடம் சொல்லி "ஐயாயிரம் டாலருக்கு விற்றேன்" என்று ஒரு ரசீது வாங்கி நீட்டினால் அது நிற்காது. விலையைக் குறைத்துக் காட்டினார் என்று சந்தேகம் வந்தால் வண்டி பறிமுதல் வரை போகும். மீட்க வேண்டுமென்றால் வரியோடு மீட்புத் தொகையும் அபராதமும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது உங்கள் பேக்கர்ஸ் ஆள் சொன்ன யோசனைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பதறவைத்த வரி அதுதான்.

வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு வீட்டுச் சாமான்களில் சலுகை உண்டு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, பாத்திரம் பண்டம் எல்லாம் அதில் வரும். மோட்டார் வாகனம் வராது. சுங்கப் பட்டியலில் பயணிகள் உடைமைக்கான தலைப்பே மோட்டார் வாகனத்தை வெளியே தள்ளித்தான் எழுதப்பட்டிருக்கிறது. வண்டிக்குத் தனியாக பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதிப் படிவத்தைச் சுங்கத்தில் போட்டு, முழு வரி கட்டித்தான் எடுக்க முடியும். சோபாவுக்குப் பின்னால் கார் நின்றால் அது "வீட்டுச் சாமான்" ஆகிவிடாது.

சில ஆண்டுகளுக்கு முன் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. செம்பூர்க்காரர்கள். இதே யோசனையைத்தான் அங்கே ஒரு பேக்கர்ஸ் நிறுவனம் சொல்லியிருக்கிறது. நாற்பது அடி கண்டெய்னரில் முன்னால் கட்டில், பீரோ, பின்னால் கார். சாமான் பட்டியலில் கார் என்ற வார்த்தையே இல்லை. கண்டெய்னர் பரிசோதனைக்குத் திறந்ததும் எல்லாம் நின்றுபோனது. கார் மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், பாட்டியின் சக்கர நாற்காலி, அந்த அம்மாவின் தையல் மெஷின் எல்லாம் அதே பெட்டிக்குள். எல்லாம் ஒரே பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு) வந்ததால் ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியவில்லை. போதாக்குறைக்கு அது இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள வண்டி. அப்படிப்பட்ட பழைய வண்டியை இறக்குமதி செய்ய விதி இடம் கொடுப்பதில்லை. கடைசியில் அபராதம் கட்டி, வண்டியைத் திருப்பி அனுப்ப அனுமதி வாங்கினோம். அதற்குள் ஓடிய வாடகை, அந்த வண்டியின் விலையைத் தொட்டுவிட்டது. அந்த அம்மா என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "சக்கர நாற்காலியை மட்டுமாவது கொடுக்கச் சொல்லுங்கள்" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

வாடகை என்று சொன்னேனே, அது இரண்டு வகை. பெட்டி துறைமுகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதற்குத் துறைமுகம் வாங்குவது டெமரேஜ். பெட்டியைக் காலி செய்து திருப்பித் தராததற்குக் கப்பல் கம்பெனி வாங்குவது டிடென்ஷன். இரண்டும் ஒரே நேரத்தில், நாள் கூடக் கூட விகிதம் ஏறிக்கொண்டே ஓடும். இது போக, பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் நாளொன்றுக்கு 10,000. இறக்கிய சரக்கை முப்பது நாளுக்குள் எடுக்காவிட்டால், நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஏலம் போட சுங்கச் சட்டத்தின் 48-வது பிரிவு இடம் கொடுக்கிறது.

இதில் உங்கள் ஆளுக்குத் தெரியாத இன்னொரு குழியும் இருக்கிறது. புதுக் கார் என்றால் சென்னை, எண்ணூர் என்று பல துறைமுகங்களில் இறக்கலாம். பழைய கார் நாட்டுக்குள் நுழைய அனுமதி உள்ள சுங்கத் துறைமுகம் ஒன்றே ஒன்று, மும்பை. ஆனால் சிங்கப்பூரிலிருந்து வரும் கண்டெய்னர் கப்பல்களில் பெரும்பாலானவை நிற்பது கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள நவ சேவாவில். வெளியூர் ஏஜென்ட்டுகளுக்கு இரண்டும் "பாம்பே" தான். நமக்கு அவை இரண்டு வெவ்வேறு சுங்கத் துறைமுகங்கள். ஒரு காகிதத்தில் ஊர்ப் பெயர் தப்பாக விழுந்ததால் சிக்கிய வண்டியை மீட்பது எவ்வளவு பாடு என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

தகுதியைப் பற்றிச் சுருக்கமாக. நிரந்தரமாகக் குடியேற வருகிறவர்கள் இரண்டு ஆண்டு தொடர்ந்து வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும், வண்டி குறைந்தது ஓராண்டு அவர்கள் வசம் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் சரி. பழைய வண்டிக்கான பொது விதி, தயாரித்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது. பதிவு செய்த தேதியை எண்ணாதீர்கள், தயாரித்த தேதியைப் பாருங்கள். ஸ்டீயரிங் வலப்பக்கம், ஸ்பீடாமீட்டர் கிலோமீட்டரில், ஹெட்லைட் இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் வண்டிக்கு இவை எல்லாம் பொருந்தும். வண்டி நம் மோட்டார் வாகன விதிகளுக்கு உட்பட்டது என்று கப்பலேறும் முன்பே சோதித்த சான்றிதழ் வேண்டும். இங்கே வந்த பிறகு புனே ஏஆர்ஏஐ போன்ற வாகன ஆய்வு நிலையத்தில் சோதனை. பதிவாகாத வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது, லாரியில் ஏற்றித்தான் காட் மலை ஏற்ற வேண்டும்.

குறுக்கு வழி சொல்கிறவர்களும் வருவார்கள். "கேரளாவில் துபாய் நம்பர் பிளேட்டோடு கார் ஓடுகிறதே" என்பார்கள். அது கார்னே என்ற தற்காலிக அனுமதி. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் வண்டியைத் திருப்பி எடுத்துப் போய்விட வேண்டும். குடியேற வருகிற உங்களுக்கு அது உதவாது. பூடான் வழியாக உள்ளே வந்த வண்டிகளைத் தேடி 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை 'நும்கோர்' என்ற பெயரில் நடத்திய சோதனையைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காசு கொடுத்து, ஆர்சி புத்தகம் கையில் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தவர்களின் வாசலிலிருந்தே வண்டிகளை எடுத்துப் போனார்கள். அந்தப் பேச்சே வேண்டாம்.

சரி, அப்பாவிடம் என்ன சொல்வது?

நீங்கள் கேட்காவிட்டாலும் உங்கள் கடிதம் முழுக்க இந்தக் கேள்விதான் இருக்கிறது. அவரிடம் வரிக் கணக்கிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பணத்தைப் பற்றி ஆரம்பித்தால், மகனுக்குச் சிரமம் கொடுத்துவிட்டோமே என்று அவர் சுருங்கிப் போவார். அவர் மெக்கானிக். அவரிடம் பார்ட்ஸைப் பற்றிப் பேசுங்கள்.

டொயோட்டா ஆல்டிஸை இந்தியாவில் பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் செய்துகொண்டிருந்தது. பிஎஸ் 6 என்கிற புகை மாசு விதி கட்டாயமான 2020 ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள். இங்கே கடைசியாக விற்றது உங்கள் வண்டிக்கு முந்தைய தலைமுறை, 1.8 லிட்டர் பெட்ரோலும் 1.4 லிட்டர் டீசலும். உங்களிடம் இருக்கிற தலைமுறையும், அந்த 1.6 இன்ஜினும் இங்கே விற்பனைக்கே வரவில்லை. ஒரு ஹெட்லைட் உடைந்தால், ஒரு சென்சார் போனால், குர்லா சிஎஸ்டி ரோடு பார்ட்ஸ் கடைகள் முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. சிங்கப்பூரிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ வரவழைத்து, அதற்கும் வரி கட்டி, அதுவரை வண்டியைத் துணி போட்டு மூடி வைக்க வேண்டும். பத்மினி இந்த ஊரில் அத்தனை காலம் ஓடியதற்குக் காரணம், எந்தத் தெரு முனையிலும் அதற்கு ஒரு பார்ட்டும் அதை மாட்ட ஒரு கையும் இருந்ததுதான். 2003 அக்டோபர் 29 அன்று தாட்தேவ் ஆர்டிஓவில் பதிவான கடைசி பத்மினி டாக்சி, இருபது ஆண்டு வரம்பு முடியும் வரை, 2023 அக்டோபர் வரை ஓடியது. உங்கள் அப்பா மாதிரி ஆட்களின் கையால் ஓடியது அது. பார்ட்ஸ் கிடைக்காத வண்டியை வாசலில் நிறுத்திப் பார்ப்பது ஒரு மெக்கானிக்குக் கொடுமை. நீங்கள் சொன்னால் அவருக்கு உடனே புரியும்.

அதற்குப் பதிலாக ஒரு யோசனை. மும்பையிலேயே எம்எச் என்கிற மகாராஷ்டிரா நம்பரில் 2018, 2019 மாடல் ஆல்டிஸ் பெட்ரோல் வண்டிகள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. பிடதியில் செய்தவை, 1.8 இன்ஜின். இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எந்தத் தொந்தரவும் இல்லை. வாங்கப் போகும்போது உங்கள் அப்பாவை அழைத்துப் போங்கள். பானெட்டைத் திறந்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, "இது வேண்டாம், அதைப் பார்" என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். சிங்கப்பூர் வண்டியைப் பதிவு நீக்கினால், மீதி இருக்கும் சிஓஇ காலத்துக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் ஒரு தொகை உங்களுக்குத் திரும்ப வரும். வண்டியின் மேல் கடன் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். மிச்சத்தில் இங்கே ஒரு நல்ல வண்டி வாங்கலாம்.

இன்னொன்று. ஜூன் மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. வண்டியை விற்பதற்கு முன் அப்பாவை ஒரு முறை அங்கே வரவழைத்துக்கொள்ளுங்கள். சாவியை அவர் கையில் கொடுத்து, ஓட்ட முடியாவிட்டாலும் முன் சீட்டில் உட்கார வைத்து, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைச் சாலையில் போய்வாருங்கள். அந்த விமான டிக்கெட்டுக்கு ஆகும் பணம், துறைமுகத்தில் கண்டெய்னர் சில நாள் நிற்பதற்குக்கூடக் காணாது.

இவ்வளவு சொன்ன பிறகும் கொண்டுவந்தே தீருவேன் என்று முடிவெடுத்தால், அது உங்கள் உரிமை, நான் தடுக்க மாட்டேன். ஆனால் பேக்கர்ஸ் ஆளுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் நான்கு காகிதங்களை எனக்கு அனுப்புங்கள்: வண்டியின் தயாரிப்பு மாதம் தெரியும் பதிவு ஆவணம், வாங்கிய அசல் இன்வாய்ஸ், பாஸ்போர்ட்டில் நீங்கள் வந்து போன முத்திரைப் பக்கங்கள், கடன் இல்லை என்பதற்கான கடிதம். வீட்டுச் சாமான் ஒரு கண்டெய்னரில், வண்டி வேறொன்றில், இரண்டுக்கும் தனித்தனி பில் ஆஃப் லேடிங். வண்டியின் காகிதத்தில் இறக்கும் துறைமுகம் "மும்பை" என்றே இருக்க வேண்டும். வரிப் பணம் முழுவதும் வங்கியில் தயாராக இருந்தால் மட்டும் கப்பலேற்றுங்கள். கப்பலேறும் முன் வாங்க வேண்டிய அந்தச் சோதனைச் சான்றிதழ் கையில் வராமல் வண்டியை யார்டுக்குள் விடாதீர்கள்.